மூளையின் தாளத்தைக் கண்டவர்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் யாருக்காவது அடிக்கடி வலிப்பு வந்தால், பெங்களூர் "நிம்ஹான்ஸ்" ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது உண்டு. அங்கே தலையில் கம்பிகளை ஒட்டி, "இ.இ.ஜி." என்ற சோதனை செய்வார்கள். சில சமயம் தூங்கவும் சொல்வார்கள். மூளையில் ஓடும் மின்சாரம் அலை அலையாகக் கோடு போடும்.

மனிதனிடம் இந்தச் சோதனையை முதன்முதலில் செய்தவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மனி நாட்டு டாக்டர்.

குதிரை மிரண்டது

பெர்கர் 1873-ம் ஆண்டு மே 21-ந் தேதி பிறந்தார். வாலிப வயதில் ராணுவப் பயிற்சிக்குப் போனார். ஒரு நாள் குதிரை மிரண்டு அவரைக் கீழே தள்ளியது. எதிரே பீரங்கி வண்டி! வண்டி சட்டென்று நின்றதால் உயிர் தப்பினார்.

அன்றே தந்தையிடம் இருந்து தந்தி வந்தது. மகன் நலமா என்று கேட்டிருந்தார். பெர்கருக்கு ஆபத்து என்று வீட்டில் அவருடைய சகோதரி பதறினாராம்!

மனதில் இருந்து மனதுக்குச் செய்தி போகுமா? இந்தக் கேள்வி பெர்கரை விடவில்லை. டாக்டருக்குப் படித்தார். 1897-ல் யேனா நகர மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

ஐந்து ஆண்டு மவுனம்

1924 ஜூலை 6-ந் தேதி. 17 வயதுப் பையன் ஒருவனின் தலையில் கருவியைப் பொருத்தினார். மெல்லிய அசைவு தெரிந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. தம் மகனின் தலையிலும் சோதித்தார். 1929-ல்தான் வெளியிட்டார்.

பலர் நம்பவில்லை. 1934-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஏட்ரியன் அதே சோதனையைச் செய்து காட்டினார். பிறகு உலகம் ஒப்புக்கொண்டது.

தாளம் போடுவது யார்?

விழித்தபடி கண்ணை மூடினால், நொடிக்குச் சுமார் 10 அலைகள். கண்ணைத் திறந்தால் அவை மங்கிவிடும். ஆழ்ந்து தூங்கினால் அலைகள் பெரிதாகி, மெதுவாகும்.

தூக்கத்தில் இடையிடையே சிற்றலைகள் கொத்தாக வரும். ஓரிரு நொடிதான் நீடிக்கும். நூல் சுற்றிய கதிர் போல நடுவில் பருத்திருக்கும்.

இதற்குக் காரணத்தைப் பிற்கால விஞ்ஞானிகள் கண்டார்கள். மூளையில் பிற அணுக்களை அடக்கும் நரம்பணுக்கள் உண்டு. அவை அடக்கும்போது மற்றவை ஓயும். பிடி தளர்ந்ததும் துள்ளும். உடனே மீண்டும் அடக்கும். ஓய்வதும் துள்ளுவதும் மாறி மாறி வருவதால் தாளம் பிறக்கிறது. இந்தத் தாளம் பகலில் கற்றதை நினைவில் பதிக்க உதவுகிறது.

இந்த அடக்கம் கெட்டால்? பல அணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடிக்கும். வலிப்பு வருவதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

துயர முடிவு

ஹிட்லர் ஆட்சியில், நோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யத் தீர்ப்புக் கூறிய மன்றத்தில் பெர்கரும் பங்கு கொண்டார். அது அவர் வாழ்வில் அழியாத கறை. 1938-ல் ஓய்வு பெற்றார். மனம் சோர்ந்து, 1941 ஜூன் 1-ந் தேதி தற்கொலை செய்துகொண்டார்.

மனதில் இருந்து மனதுக்குச் செய்தி போவதை அவரால் நிரூபிக்க முடியவில்லை. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. தூங்கும்போதும் மூளை வேலை செய்கிறது என்பதை இன்று கண்ணால் பார்க்க முடிவது அவர் கண்ட வழியால்தான்.

ஓசூர் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்து, பகலில் தூங்குகிறவர்கள் பலர். அவர்கள் சும்மா படுத்திருக்கவில்லை. மூளை தன் வேலையைப் பார்க்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாமே!