கல்லில்லாக் கல்லறை

கொல்கத்தாவுக்குப் படிக்க வந்த புதிதில் நான் எட்டிப் பார்க்காத இடம் பார்க் தெருவின் தென்புறக் கல்லறைத் தோட்டம். இடுகாட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்ற அலட்சியமே காரணம். என்னை அங்கே அழைத்துப் போனவன் என்னுடன் படிக்கும் வங்க நண்பன். ஞாயிறுதோறும் காலையில் தொண்டர்கள் சிலர் கூடிக் கல்லறை எழுத்துகளைப் படியெடுக்கிறார்கள் என்றும், ஆள் போதவில்லை என்றும் சொன்னான். காலைப் பலகாரம் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னான். நான் போனதற்கு எது காரணம் என்பதை வாசகர்களின் ஊகத்திற்கே விட்டு விடுகிறேன்.

1767-இல் திறந்த தோட்டம் அது. ஏறக்குறைய 1,600 கல்லறைகள் இருக்கின்றன. கூம்பும் கோபுரமுமாக, செங்கல்லால் கட்டிச் சுண்ணச் சாந்து பூசியவை. கம்பெனி காலத்து ஆங்கிலேயர் வாழ்ந்த வாழ்வைவிடப் பெரிதாகவே சமாதிகளை எழுப்பிக் கொண்டார்கள் என்று தோன்றும். ஆனால் எழுத்துகளைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். இருபது வயதுப் பெண், ஐந்து மாதக் குழந்தை, கப்பலிறங்கிய ஆண்டே மாண்ட எழுத்தர் என்று வரிசை வரிசையாகச் சாவு.

வேலை எளிது போலத் தோன்றும், எளிதன்று. கல்லறைக்கு எண் கொடுக்க வேண்டும். உயரமும் அகலமும் அளக்க வேண்டும். கல்லில் எந்த இடத்தில் வரி முடிகிறதோ அதே இடத்தில் தாளிலும் வரியை முடிக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடே எழுத வேண்டும். தேய்ந்துபோன எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்கக் கூடாது. பக்கவாட்டிலிருந்து கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து நிற்கும். அமிலம் ஊற்றிக் கழுவுவது கொலைக்குச் சமம். வெறும் நீரும் மெல்லிய தூரிகையும் போதும். விரிசலைச் சிமெண்டால் அடைப்பதும் தவறு. சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது, உள்ளிருக்கும் பழைய செங்கல் உளுத்துப் போகும். பழைய முறைச் சுண்ணாம்புச் சாந்தே நல்லது. எல்லாவற்றையும்விடப் பெரிய பகை அரசங்கன்று. ஒரு விரல் உயரக் கன்று ஒரு கோபுரத்தைப் பிளந்துவிடும்.

இரண்டாம் ஞாயிறன்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம்மை ஆண்டவர்களின் கல்லை நாம் ஏன் துடைக்க வேண்டும்? நண்பனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. தோட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு என்னை அழைத்துப் போய் ஒரு கல்லறையின்முன் நிறுத்தினான். ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. பிறப்பு 1809, இறப்பு 1831. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்!

வங்க மாணவர் எவரைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்வார்கள். நம்மவர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நானும் கேள்விப்பட்டதில்லை. அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

டெரோசியோ கல்கத்தாவில் எண்டாலிப் பகுதியில் பிறந்தவர். தந்தை வழியில் போர்ச்சுகீசியக் கலப்பு. தாய் ஆங்கிலப் பெண். டிரம்மண்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளியில் படித்தார். பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது. சிறிது காலம் கணக்கெழுதினார். பிறகு பாகல்பூரில் உறவினரின் அவுரித் தோட்டத்துக்குப் போனார். அங்கே கங்கையின் நடுவே பாறைத் தீவு ஒன்று இருக்கிறது. அதைக் களமாக்கி நீண்டதொரு காதற்கதையை ஆங்கிலத்தில் பாடினார். 1828-இல் அது நூலாக வந்தது. இந்தியாவைத் தம் தாய்நாடு என்று விளித்துப் பாடிய பாட்டும் அந்த நூலில் உண்டு. ஆங்கிலத்தில் அப்படிப் பாடியவர் அவருக்குமுன் எவரும் இலர் என்பார்கள்.

1826-இல் இந்து கல்லூரியில் ஆசிரியரானார். வயது பதினேழு! மாணாக்கர் சிலருக்கும் அவருக்கும் இரண்டு மூன்று வயதே வேறுபாடு. வகுப்போடு பாடம் முடிந்துவிடவில்லை. மாலையில் வீட்டில் கூடினார்கள். 1828-இல் ஒரு விவாதச் சங்கம் அமைத்து, விதியா முயற்சியா, கடவுள் உண்டா இல்லையா, உருவ வழிபாடு தகுமா என்றெல்லாம் வாதிட்டார்கள். ஒரு கட்சியை மட்டும் சொல்லிக் கொடுப்பது கல்வியாகாது; இரண்டு கட்சியையும் எடுத்து வைத்து, முடிவை மாணவனிடம் விடவேண்டும் என்பது அவர் கொள்கை.

ஊர் பொறுக்குமா? பிள்ளைகள் கெட்டுப் போனார்கள், பெற்றோரை மதிப்பதில்லை, ஆசிரியர் நாத்திகம் போதிக்கிறார் என்று புகார் எழுந்தது. 1831 ஏப்ரல் 23-இல் கல்லூரி நிர்வாகக் குழு கூடியது. அவர் ஆசிரியர் பணிக்குத் தகாதவர் என்பதைக் குழுவில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் ஊராரின் மனநிலையை எண்ணி அவரை நீக்குவதே நல்லது என்று முடிவு செய்தார்கள். குற்றமில்லை, தண்டனை மட்டும் உண்டு! அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஏப்ரல் 25-இல் அவர் தாமே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதத்தில் பதிலும் எழுதினார்.

அதே ஆண்டு ஒரு செய்தித்தாள் தொடங்கினார். டிசம்பரில் வாந்திபேதி கண்டது. நோய்ப் படுக்கையின் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர்களில் அந்தக் கெட்டுப்போன பிள்ளைகளும் உண்டு. டிசம்பர் 26-இல் உயிர் பிரிந்தது. கெட்டுப்போனவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? ராதாநாத் சிக்தார் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டார். பியாரி சந்த் மித்ரா வங்க உரைநடையில் முதல் நாவல்களுள் ஒன்றை எழுதினார். ராம்தனு லாஹிரி ஊர் போற்றும் ஆசிரியரானார்.

இவ்வளவு அன்பு பெற்றவருக்கு ஒரு கல் நாட்டினார்களா? இல்லை. நினைவுச் சின்னம் எழுப்பக் கூட்டம் கூட்டினார்கள், பணமும் திரட்டினார்கள்; கல் மட்டும் எழவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1884-இல், அவர் வரலாற்றை எழுதிய எட்வர்ட்ஸ் என்பவர், புதைத்த இடத்தில் அடையாளமே இல்லாததைக் கண்டார். அருகிலிருந்த ஒரு படை அதிகாரியின் கல்லறையைக் குறியாக வைத்துத்தான் இடத்தைச் சொல்ல முடிந்தது. நான் பார்த்த கல் பிற்காலத்தில் வைத்தது.

நண்பன் வாய் திறந்து சொல்லாத பதில் எனக்கு அப்போது கிடைத்தது. அந்தப் படை அதிகாரி யாரோ, நம் நாட்டுக்கு நன்மை செய்தவரோ தீமை செய்தவரோ, அறியேன். அவர் கல் விழுந்திருந்தால் டெரோசியோவின் இடத்தை எதைக் கொண்டு சொல்வது?

இதே தெருவின் எதிர்ப்புறம் வடபுறக் கல்லறைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தையை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1953-இல் அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கிருந்த எழுத்துகளில் பலவற்றை இன்று நாம் படிக்க முடிகிறதென்றால், கல்லறைக் கல் செதுக்கி விற்ற ஹோம்ஸ் கம்பெனியார், 1848-இல் கல்கத்தாக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து அச்சிட்டதுதான் காரணம். வியாபாரம் செய்தவர்கள்தாம், ஆனாலும் நல்ல காரியம் செய்தார்கள். நம் சென்னைக்கும் 1905-இல் காட்டன் என்ற அதிகாரி இப்படி ஒரு பட்டியல் அச்சிட்டிருக்கிறார். விடுமுறையில் ஊருக்குப் போனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு சில மாதாகோயில் முற்றங்களைச் சுற்றிவர எண்ணியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு என் பங்குக்கு வந்தது ஒரு குழந்தையின் கல். பெயரும் ஆண்டும் தெரிகின்றன. கடைசி இரண்டு வரி தெரியவில்லை. கண்ணாடியை எப்படித் திருப்பியும் பயனில்லை. காலை வெயில் அந்தப் பக்கம் விழுவதில்லை, மாலை மூன்று மணிக்கு மேல் வா என்றார் எங்களுக்குப் பயிற்சி தரும் பெரியவர். தாளில் அந்த இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.