துணிச் சாயத்தில் தொடங்கிய கதை: தோல் புற்றுநோயில் ரத்த அணுக்களின் விகிதம் சொல்வது என்ன? யார் இந்த பால் எர்லிக்?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'நியூட்ரோஃபில்', 'லிம்போசைட்' என்று இரண்டு வரிகள் இருக்கும். பக்கத்தில் சதவீதம் போட்டிருப்பார்கள். நம்மில் பலர் கண்டுகொள்ளாத வரிகள். ஆனால் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் முக்கியம். இந்த அணுக்களைப் பிரித்துப் பார்க்க வழி காட்டியவர், ஜெர்மனி மருத்துவர் பால் எர்லிக்.

யார் இவர்?

1854 மார்ச் 14-ல், அன்றைய பிரஷ்யாவின் ஸ்ட்ரேலன் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. மருத்துவம் படிக்கப் போனவருக்கு ஆர்வமெல்லாம் சாயங்கள் மேல்தான். துணிக்குப் போட வந்த அனிலின் சாயங்களை உடல் திசுக்களில் ஏற்றிப் பார்த்தார். 1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியதும் இந்த ஆய்வுக்காகத்தான்.

ரத்தத்தில் என்ன கண்டார்?

சாயம் ஏற்றாத வெள்ளை அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் வகை பிரிப்பது பெரும்பாடு. எர்லிக் பெர்லினில் வேலை பார்த்தபோது, ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிசாகத் தடவிச் சாயம் ஏற்றினார். ஒவ்வொரு வகை அணுவும் ஒவ்வொரு சாயத்தைப் பிடித்துக்கொண்டது. நடுநிலைச் சாயத்தைப் பிடித்தது நியூட்ரோஃபில். இயோசின் சாயத்தைப் பிடித்தது இயோசினோஃபில். இன்றைக்கும் அதே பெயர்கள்தான்.

நடுவில் காசநோய் தாக்க, எகிப்து போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். நோய் எதிர்ப்பு ஆய்வுகளுக்காக 1908-ல் மெட்ச்னிகாஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1910-ல் சிபிலிஸ் நோய்க்கான சால்வர்சான் மருந்து வந்ததும் உலகப் புகழ் பெற்றார்.

புற்றுநோய் பற்றி என்ன சொன்னார்?

உடலில் புற்றுநோய் அணுக்கள் அடிக்கடி முளைக்கலாம், நம் எதிர்ப்பு சக்தி அவற்றை அடக்கி வைக்கிறது என்று 1909-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அதை நிரூபிக்க அப்போது கருவிகள் இல்லை. 1915 ஆகஸ்ட் 20-ல், 61 வயதில் காலமானார்.

இன்று அந்த விகிதம் எதற்கு?

எர்லிக்கின் இரண்டு வேலைகளும் மெலனோமா சிகிச்சையில் ஒன்று சேர்கின்றன. புற்றுநோய் அணுக்களைத் தாக்குவதில் லிம்போசைட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூட்ரோஃபில் ஏறினால், உடலில் அழற்சி அதிகம் என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த அழற்சி கட்டிக்குச் சாதகமாகிவிடும்.

கணக்கு எளிது. நியூட்ரோஃபில் 70, லிம்போசைட் 20 என்றால் விகிதம் 3.5. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி தொடங்கும் முன் இந்த விகிதம் அதிகமாக இருந்த மெலனோமா நோயாளிகளுக்கு, சராசரியாகப் பலன் குறைவாகவே இருந்தது எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கிடைப்பதால் இதற்குத் தனிச் செலவும் இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படணுமா?

வேண்டாம். காய்ச்சல், தொற்று, ஸ்டீராய்டு மாத்திரை, ஏன் மன அழுத்தம்கூட இந்த எண்ணை ஏற்றிவிடும். புற்றுநோய் இருக்கா இல்லையா என்று கண்டுபிடிக்கும் சோதனையே இல்லை இது. மெலனோமா உறுதியானவர்களுக்கும், இந்த எண்ணை மட்டும் வைத்து சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது. கட்டியின் ஆழம், பரவல் எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் கணிப்பார்.

மச்சத்தின் அளவு, நிறம், ஓரம் மாறினாலோ ரத்தம் கசிந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நேராகத் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.