மோதிரத்தை அடகு வைத்துச் சூதாடிய மேதை

உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் அவர். மனித மனத்தின் மூலை முடுக்குகளை எல்லாம் அறிந்தவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்டவரை ஒரு சிறிய பந்து எட்டு ஆண்டுகள் ஆட்டி வைத்தது!

அவர் பெயர் பியோதர் தாஸ்தாயெவ்ஸ்கி. ரஷ்ய நாட்டுக்காரர். 'குற்றமும் தண்டனையும்', 'கரமசோவ் சகோதரர்கள்' ஆகிய நாவல்களை எழுதியவர். அவரை ஆட்டி வைத்த பந்து, ஜெர்மனியின் சூதாட்ட மாளிகைகளில் சுழன்ற பந்து.

சாவைப் பார்த்தவர்

தாஸ்தாயெவ்ஸ்கி 1821-ம் ஆண்டு மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை, ஏழைகளுக்கான மருத்துவமனையில் டாக்டர். மகன் படித்தது என்ஜினீயரிங். ஆனால் மனம் சென்றது எழுத்தில். 24 வயதில் வெளிவந்த முதல் நாவலே அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

அந்தப் புகழை அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அரசாங்கத்தை எதிர்க்கும் கூட்டத்தில் சேர்ந்தார் என்று 1849-ல் அவரைக் கைது செய்தார்கள். மரண தண்டனை விதித்தார்கள். டிசம்பர் மாதக் குளிரில், பீட்டர்ஸ்பர்க் நகரத்து மைதானம் ஒன்றில் கைதிகளைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். முதல் மூவரைக் கம்பங்களில் கட்டினார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியை உயர்த்திக் குறி பார்த்தார்கள். அடுத்த வரிசையில் தாஸ்தாயெவ்ஸ்கி நின்றுகொண்டிருந்தார்.

கடைசி நிமிடத்தில் அரசரின் ஆணை வந்தது. மரண தண்டனை ரத்து. அதற்குப் பதில், சைபீரியாவில் கடுங்காவல்! நாலு ஆண்டுகள் காலில் விலங்குடன் உழைத்தார். பிறகு சாதாரணச் சிப்பாயாகச் சேவை செய்தார். 1859-ன் முடிவில்தான் அவரால் பீட்டர்ஸ்பர்க் திரும்ப முடிந்தது.

சாவின் வாயிலிருந்து தப்பி வந்தவர், சூதின் வாயில் போய் விழுந்தார்.

சுழலும் சக்கரம்

ஜெர்மனியில் வீஸ்பாடன் என்று ஓர் ஊர். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர் போனது. நோயாளிகள் அங்கே நீராட வருவார்கள். பணக்காரர்கள் சூதாட வருவார்கள். பிரான்சு நாட்டில் 1837 முடிவோடு சூதாட்ட மாளிகைகளை மூடிவிட்டார்கள். அதனால் ஜெர்மன் ஊர்களுக்குக் கூட்டம் அலைமோதியது.

1863-ல் பாரிசுக்குப் போகும் வழியில் தாஸ்தாயெவ்ஸ்கி வீஸ்பாடனில் இறங்கினார். சூதாட்ட மாளிகைக்குள் நுழைந்தார். ரூலட் என்னும் ஆட்டத்தைக் கவனித்தார்.

ஆட்டம் எளிது. ஒரு சக்கரம். அதில் 1 முதல் 36 வரை எண்கள். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. இவற்றுடன் ஒரு பூஜ்யம். சக்கரத்தைச் சுழற்றி, அதன் எதிர்த் திசையில் ஒரு சிறு பந்தை உருட்டி விடுவார்கள். பந்து எந்த எண்ணில் விழும் என்று சொல்லிப் பணம் கட்ட வேண்டும். ஒரு காசு கட்டியவனுக்கு அந்த எண் விழுந்தால், கட்டிய காசு திரும்ப வரும்; மேலே 35 காசு கிடைக்கும்.

தாஸ்தாயெவ்ஸ்கி பணம் கட்டினார். ஜெயித்தார்! மறுபடியும் ஜெயித்தார்! 10,000 பிராங்குக்கு மேல் கையில் சேர்ந்தது. பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஊரை விட்டுப் புறப்படவும் தீர்மானித்தார். ஆனால் கால் மீண்டும் அங்கேயே இழுத்தது. பாதிப் பணம் போயிற்று.

மீதியில் ஒரு பகுதியை நோயுற்றிருந்த மனைவிக்கென அனுப்பினார். கூடவே, வெற்றியின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் ஊருக்குக் கடிதம் எழுதினார். ரகசியம் இதுதான்: பதற்றப்படாமல், தலை சூடேறாமல், நிதானமாக ஆட வேண்டும், அப்படி ஆடுகிறவன் தோற்கவே மாட்டான்!

அவர் கண்ணில் படாத கணக்கு

இந்த ரகசியத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

ஒருவன் சக்கரத்தில் உள்ள 37 இடங்களுக்கும் ஆளுக்கொரு காசு வீதம் 37 காசு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பந்து எங்கே விழுந்தாலும் அவன் ஜெயித்தவன்தான். ஆனால் அவன் கைக்கு வருவது 36 காசு. ஒரு காசு மாளிகைக்காரன் பெட்டிக்குப் போய்விடுகிறது! ஒரே எண்ணில் கட்டினாலும், நாள் முழுவதும் ஆடினால் கணக்கு இதே பக்கம்தான் சாயும். அந்த ஒற்றைப் பூஜ்யம் செய்யும் வேலை இது.

இன்னொன்று. பந்துக்கு ஞாபகம் கிடையாது. பத்துத் தடவை சிவப்பு விழுந்துவிட்டது, இனிக் கறுப்புதான் என்று மனிதன் எண்ணுகிறான். பந்து அப்படி எண்ணுவதில்லை. பதினோராவது தடவையும் அது முதல் தடவை போலவே ஓடுகிறது.

நிதானம் மனிதனை மாற்றலாம். சக்கரத்தை மாற்றாது. அதை உணராததால், தோற்றபோதெல்லாம் தாஸ்தாயெவ்ஸ்கி தம்மையே நொந்துகொண்டார். நிதானம் தவறிவிட்டது, அடுத்த முறை தவறாது என்று நினைத்தார். அந்த 'அடுத்த முறை' எட்டு ஆண்டுகள் நீண்டது.

பசியை மறைத்த நாட்கள்

1864-ல் அவருடைய மனைவி காச நோயால் இறந்தார். சில மாதங்களில் அண்ணனும் இறந்தார். அண்ணன் விட்டுச் சென்ற கடன் இவர் தலையில் விழுந்தது. நடத்திய பத்திரிகையும் நின்றுபோயிற்று.

கடன்காரர்களுக்குப் பயந்திருந்த சமயம், ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளர் 3,000 ரூபிள் கொடுக்க முன்வந்தார். நிபந்தனையோ கொடியது. 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புதிய நாவல் ஒன்றைத் தர வேண்டும். தவறினால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதை எல்லாம் காசு கொடுக்காமலே பதிப்பாளர் வெளியிட்டுக்கொள்ளலாம். தாஸ்தாயெவ்ஸ்கி கையெழுத்துப் போட்டார். பெரும்பகுதி கடனுக்குப் போக, எஞ்சியதுடன் வீஸ்பாடன் சென்றார். ஐந்தே நாட்களில் அத்தனையும் தோற்றார்.

ஓட்டலில் சாப்பாடு நின்றது. தேநீர் மட்டும் கொடுத்தார்கள். மெழுகுவத்தியும் கொடுக்க மறுத்தார்கள். அவரோ தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே போவார். ஆறு மணிக்குத் திரும்புவார். எங்கோ சாப்பிட்டு வருகிறார் என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்ள வேண்டுமாம்! அந்தப் பட்டினி நாட்களில் அவர் மனத்தில் உருவான கதைதான் 'குற்றமும் தண்டனையும்'. கடைசியில் அங்கிருந்த ரஷ்யப் பாதிரியார் முதலியோரின் உதவியால் ஊர் திரும்பினார்.

26 நாட்களில் ஒரு நாவல்

1866 அக்டோபர் பிறந்தது. பதிப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய நாவலில் ஒரு வரிகூட எழுதவில்லை. இன்னும் ஒரே மாதம்!

சுருக்கெழுத்துத் தெரிந்த ஒரு பெண்ணை நண்பர்கள் ஏற்பாடு செய்தார்கள். பெயர் அன்னா. வயது 20. தாஸ்தாயெவ்ஸ்கி பகலில் சொல்லுவார், அன்னா குறித்துக்கொள்வார். இரவில் வீட்டில் உட்கார்ந்து அதைத் திருத்தமாக எழுதி எடுத்து வருவார். 26 நாட்களில் நாவல் முடிந்தது. அதன் பெயர் 'சூதாடி'. தாம் பட்டதையே கதையாக்கியிருந்தார். கதாநாயகன் சூதில் சிக்கி, கடைசி வரை மீளாமலே போகிறான்.

குறித்த நாளில் பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லை. தாஸ்தாயெவ்ஸ்கி போலீஸ் நிலையத்தில் நாவலை ஒப்படைத்து ரசீது வாங்கினார். கெடு தப்பியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அன்னாவையே மணந்துகொண்டார்.

அடகுக் கடை வாசலில்

1867 ஏப்ரலில் தம்பதிகள் வெளிநாடு புறப்பட்டார்கள். தம் வீட்டுச் சாமான்களையும் பியானோவையும் அடகு வைத்து அன்னா வழிச் செலவுக்குப் பணம் புரட்டினார். மூன்று மாதத்தில் திரும்புவதாக எண்ணம். திரும்ப நாலு ஆண்டுகள் ஆயின!

பாடன்-பாடன் என்ற ஊரில் சூது மீண்டும் பிடித்துக்கொண்டது. காலையில் போவார், தோற்று வருவார். அன்னாவின் முன் மண்டியிட்டு அழுவார். இன்னும் கொஞ்சம் பணம் கேட்பார். அன்னாவின் தோடும் புரூச்சும் அடகுக் கடைக்குப் போயின. உடைகள் போயின. அவருடைய கோட்டுப் போயிற்று. கல்யாண மோதிரமும் போயிற்று. தருமர் சூதாடிய கதையை நாம் கேட்டிருக்கிறோம். அன்னாவுக்கு அது அன்றாட வாழ்க்கையாக இருந்தது. அப்போது அவர் கர்ப்பிணி.

1868-ல் ஜெனீவாவில் பெண் குழந்தை பிறந்தது. சோனியா என்று பெயர் வைத்தார்கள். மூன்றே மாதத்தில் குழந்தை நோயால் இறந்தது. பெற்றோர் கதறினார்கள். அந்தத் துயரமும் அவரைச் சூதிலிருந்து விடுவிக்கவில்லை.

அன்னா சண்டை போடவில்லை. தடுத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையிலிருக்கும் காசு எல்லாம் தீர்ந்த பிறகுதான் கணவர் அமைதியாக உட்கார்ந்து எழுதுகிறார் என்பதையும் கண்டுகொண்டார். கையில் இருக்கும் கொஞ்சத்தையும் கட்டிக் காத்தார்.

கடைசி ஆட்டம்

1871 ஏப்ரல். எழுத்து ஓடாமல் கணவர் தவித்தார். ஒரு முறை வீஸ்பாடன் போய் வரும்படி அன்னாவே சொன்னார். தாஸ்தாயெவ்ஸ்கி போனார். எல்லாவற்றையும் தோற்றார். ஊர் திரும்ப அன்னா அனுப்பிய 30 தாலரையும் தோற்றார்!

இரவு. பித்துப் பிடித்தவர் போல ரஷ்யப் பாதிரியாரைத் தேடி ஓடினார். இருட்டில் வழி தவறியது. எதிரே ஒரு கட்டடம் தெரிந்தது. ரஷ்யக் கோயில் என்று நினைத்து நெருங்கினார். விசாரித்தால், அது யூதர்களின் கோயில். தலையில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டியதுபோல் இருந்தது. திரும்பி அறைக்கு ஓடினார். இரவெல்லாம் விழித்து மனைவிக்குக் கடிதம் எழுதினார். இனி ஆடுவதில்லை என்று உறுதி கூறினார். மீண்டும் வழிச் செலவுக்குப் பணம் கேட்டார்.

இப்படிப் பல முறை அவர் சொன்னது உண்டு. அன்னா நம்பவில்லை. ஆனால் இந்தத் தடவை சொன்னது நின்றது. அதன் பிறகு அவர் சூதாடவே இல்லை. ஜெர்மனியில் சூதாட்ட மாளிகைகளை மூடியது 1872 முடிவில்தான். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அவர் எழுந்து வந்துவிட்டார்.

ரஷ்யா திரும்பியதும் அன்னா கடன்காரர்களிடம் தாமே பேசித் தவணை வாங்கினார். 1873-ல் கணவரின் நாவலைத் தாமே அச்சிட்டு, வீட்டிலேயே வைத்து விற்றார். சூதாட்ட மேஜையில் எட்டு ஆண்டு தேடியும் கிடைக்காத பணம், புத்தகக் கட்டுகளிலிருந்து சிறுகச் சிறுக வந்தது. கடன்கள் அடைந்தன. 'கரமசோவ் சகோதரர்கள்' எழுதி முடித்த சில மாதங்களில், 1881-ல், தாஸ்தாயெவ்ஸ்கி காலமானார். அப்போது அன்னாவுக்கு வயது 34. 1918-ல் இறக்கும்வரை அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

வெற்றியின் ரகசியம் தெரியும் என்று தாஸ்தாயெவ்ஸ்கி நம்பிய நாளெல்லாம் மோதிரம் அடகுக் கடையில் இருந்தது. அப்படி ஒரு ரகசியமே இல்லை என்று தெரிந்த இரவில்தான் அவர் வீடு திரும்பினார்.