ஏர்னஸ்ற் பேர்ஜஸ்: விடுதலையானவர்களுக்குப் புள்ளி போட்டவர்

ரொறன்ரோவிலிருந்து வின்சருக்கு 401 நெடுஞ்சாலையால் போகும்போது ரில்பெரி என்ற சிற்றூர் வரும். எங்களில் பலர் திரும்பிப் பாராமலே அதைக் கடந்திருப்போம். சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவர் மறுபடி தவறுவாரா என்பதை எண்களால் முன்கூட்டிச் சொல்ல முயன்ற ஏர்னஸ்ற் பேர்ஜஸ், 1886ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி அங்கேதான் பிறந்தார்.

தந்தை ஒரு மதபோதகர். குடும்பம் அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. மகன் ஒக்லஹோமாவில் பட்டம் பெற்று, 1913இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் கலாநிதியானார். 1916இல் அங்கேயே ஆசிரியராகத் திரும்பினார். நகரம் வளையம் வளையமாக விரிகிறது, புதிதாக வந்தவர்கள் நடுவை அடுத்த மலிவான வளையத்தில் ஒதுங்கி, வசதி வர வர வெளியே நகர்கிறார்கள் என்று காட்டும் அவருடைய படம் இன்றும் பாடநூல்களில் உண்டு. வாடகை அறையில் தொடங்கி நகரத்துக்கு வெளியே வீடு வாங்கிய எங்களுக்கு அதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை.

1920களில் இலினோய் மாநிலத்தில் பரோல் முறை கடுமையாக விமர்சிக்கப்பட்டது. தண்டனைக்காலம் முடியுமுன் நிபந்தனையோடு விடுவதுதான் பரோல். அதை ஆராய அமைத்த குழுவில் பேர்ஜஸும் இருந்தார். மூன்று சிறைகளிலிருந்து ஆயிரம் ஆயிரமாக, பரோலில் போன 3,000 பேரின் கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 21 விடயங்களைப் பார்த்தார். குற்றத்தின் தன்மை, முன்பு செய்த தொழில், சிறையில் நடந்துகொண்ட விதம், வயது என்று பட்டியல் நீண்டது. ஒரு விடயத்தில் அவர் சேரும் பிரிவினர் சராசரியைவிடக் குறைவாகத் தவறியிருந்தால் ஒரு புள்ளி. 1928இல் வந்த முடிவு இது: 16 முதல் 21 புள்ளி பெற்றவர்களில் நூற்றுக்கு 1.5 பேர்தான் பரோல் நிபந்தனையை மீறினார்கள். 2 முதல் 4 பெற்றவர்களில் 76 பேர் மீறினார்கள். சில ஆண்டுகளில் இலினோய் சிறைகள் இந்தக் கணிப்புக்கென்றே அலுவலர்களை நியமித்தன.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இந்த வேலை பழக்கமானது. ஆண்டு முடிவில் கடன்பட்டோர் பட்டியலைப் பார்த்து ஐயக்கடனுக்கு ஏற்பாடு ஒதுக்குவோம். நூறு பேரில் ஐந்து பேர் தரமாட்டார்கள் என்று தெரியும். யார் அந்த ஐந்து பேர் என்று தெரியாது. பேர்ஜஸின் அட்டவணையும் அப்படித்தான். 76 பேர் தவறிய அதே கூட்டத்தில் 24 பேர் தவறவில்லை. அட்டவணையை நம்பி எல்லோரையும் உள்ளே வைத்திருந்தால், அந்த 24 பேரை ஒருவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

இன்னொன்று எங்களை உறுத்துகிறது. அந்த 21 விடயங்களில் தந்தை எந்த நாட்டவர் என்பதும், ஆள் எந்த அயலில் வாழ்ந்தார் என்பதும் இருந்தன. ஒருவர் செய்ததும், அவருக்கு வாய்த்ததும் ஒரே தராசில். எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்ற கேள்வியோடு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் பாரம் தெரியும்.

திருமணங்கள் நிலைக்குமா என்பதையும் பேர்ஜஸ் இப்படிக் கணித்து 1939இல் இணையாசிரியராக நூல் எழுதினார். அவர் மட்டும் மணம் முடிக்கவில்லை. 1966 டிசம்பரில், 80ஆவது வயதில் காலமானார்.

தவறினாரா இல்லையா என்றுதான் அவருடைய அட்டவணை கேட்டது. எவ்வளவு காலத்தில் என்று கேட்கவில்லை. பின்வந்தவர்கள் ஆயுட்காப்புறுதிக் கணிப்பு முறையைக் கொண்டுவந்து அதையும் அளந்தார்கள். விடுதலைக்குப் பின்னான முதல் மாதங்களில்தான் ஆபத்து அதிகம். அதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. பலர் திரும்பிப் போவதேயில்லை.

எங்கள் பேரேட்டில் கடன் பழசாகப் பழசாக நம்பிக்கை குறையும். மனிதரில் அது நேர்மாறு. எங்கள் பிள்ளைகளிலும் சிலர் உள்ளே போய்த் திரும்பியிருக்கிறார்கள். பத்து வருடம் ஒழுங்காக வேலைக்குப் போய்வந்த பிறகும், கலியாண மண்டபத்தில் அவர்களைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறோம். அந்தப் பத்து வருடத்தை நாங்கள் எந்தப் பக்கத்தில் பதிகிறோம்?