நோயை மறைக்காத வீராங்கனை பேப் ஜகாரியாஸ்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1911-இல் பிறந்தவர் பேப் ஜகாரியாஸ். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்றார். பின்னர் கோல்ப் ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தார்.

1953-இல் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவர்கள் நோயுற்ற பகுதியை அகற்றி, மலம் வெளியேற வயிற்றில் துளை அமைத்தனர். இனி அவர் போட்டிகளில் ஆடுவது சந்தேகமே என்ற பேச்சு எழுந்தது.

இத்தகைய துளையில் மலத்தை அடக்கும் தசை இல்லை. குறித்த நேரத்தில் அதன் வழியாக வெதுவெதுப்பான நீர் செலுத்திக் குடலைக் காலி செய்தால், பல மணி நேரம் கவலையின்றி வெளியே நடமாடலாம். இதற்குப் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். பேப்புக்குத் தோழி பெட்டி டாட் உடனிருந்து உதவினார்.

நான்கே மாதங்களுக்குள் பேப் மீண்டும் களமிறங்கினார். 1954-இல் அமெரிக்கப் பொது மகளிர் கோல்ப் போட்டியை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார்.

புற்றுநோய் என்று சொல்லவே மக்கள் கூசிய காலம் அது. அவரோ வெளிப்படையாகப் பேசினார். புற்றுநோய் நிதி திரட்டவும் உழைத்தார். நோய் திரும்பியதால் 1956-இல் 45 வயதில் காலமானார். வயிற்றில் துளையோடு வாழ்வது வெட்கப்பட வேண்டியதல்ல என்பதை அவர் வாழ்ந்தே காட்டினார்.