குறைந்த பற்றரியில் நீண்ட விளையாட்டு: குன்பெய் யொகோயின் வாழ்க்கை

தொண்ணூறுகளில் சப்ரகமுவ தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு வீடியோ கேம் என்றால் பிரிக் கேம்தான். கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி, சாம்பல் நிறத் திரை, மேலிருந்து விழும் கட்டைகள். இரண்டு சின்னப் பற்றரி போட்டால் நாட்கணக்கில் ஓடும். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் அப்போது பல லயன்களுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. பற்றரி தேய்ந்துவிட்டால் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுப் பார்ப்போம். வடக்கில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் மக்கள் வானொலி கேட்டார்கள்.

பிரிக் கேம் சீனாவில் மலிவாகச் செய்யப்பட்ட ஒரு நகல். அதில் விழும் கட்டைகள் 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸிலிருந்து வந்தவை. ஆனால் சொற்பப் பற்றரியில், சாதாரணத் திரையில், கையில் வைத்து விளையாடலாம் என்ற யோசனையை உலகமெங்கும் கொண்டுபோனவர் ஒரு ஜப்பானியர். பெயர் குன்பெய் யொகோய்.

1941 செப்டெம்பர் 10 அன்று கியோத்தோவில் பிறந்தார். அமெரிக்காவுடன் ஜப்பான் போரில் இறங்க அப்போது மூன்று மாதங்களே இருந்தன. தோஷிஷா பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்துவிட்டு, 1965இல் நின்டென்டோவில் சேர்ந்தார். அன்றைய நின்டென்டோ, 1889இல் தொடங்கப்பட்ட ஒரு சீட்டுக்கட்டுக் கம்பனி. சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் யொகோயின் வேலை.

வேலை இல்லாத நேரத்தில் பொழுதுபோக்காக, நீட்டினால் நீண்டு தூரத்துப் பொருளைப் பிடிக்கும் ஒரு கையைச் செய்து வைத்திருந்தார். கம்பனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் அது பட்டது. தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய இடத்தில், அதை விற்பனைக்குத் தயார்செய்யும்படி உத்தரவு வந்தது. 1966இல் வெளிவந்த அல்ட்ரா ஹேண்ட் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பராமரிப்பு ஊழியர் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பாளரானார்.

யொகோயின் முறை எளிமையானது. புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி, மலிந்து, குறைநிறையெல்லாம் தெரிந்துவிட்ட ஒன்றை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்துவார். வாடிப்போன தொழில்நுட்பம் என்ற பொருள்படும் பெயரையே அதற்கு வைத்திருந்தார். ஒருநாள் அதிவேக ரயிலில், அலுப்புத் தட்டிய பயணி ஒருவர் கல்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். கல்குலேட்டர் கம்பனிகளின் விலைப்போட்டியால் அந்தத் திரைகளும் சில்லுகளும் மலிந்து கிடந்த காலம் அது. அவற்றை வைத்து 1980இல் கேம் அண்ட் வோட்ச் உருவானது. உலகெங்கும் 4 கோடி 34 லட்சம் விற்றது. 1982இல் அந்த வரிசையின் டொங்கி கொங் கருவிக்கு அவர் வைத்த சிலுவை வடிவப் பொத்தான், இன்றுவரை விளையாட்டுக் கருவிகளில் இருக்கிறது.

1989இல் கேம் போய் வந்தது. சதோரு ஒகடா போன்ற பொறியியலாளர்களின் உழைப்பும் அதில் உண்டு. பச்சை கலந்த திரை, நான்கு சாயல்கள் மட்டும், உள்ளே வெளிச்சம்கூட இல்லை. அதே ஆண்டு அட்டாரி நிறுவனம் வண்ணத்திரையோடு லிங்ஸைக் கொண்டுவந்தது; அடுத்த ஆண்டு சேகாவும் கேம் கியரோடு வந்தது. அந்த இரண்டும் ஆறு பற்றரியை நான்கைந்து மணித்தியாலத்தில் தின்றுவிடும். கேம் போய் நான்கு பற்றரியில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. விலையும் குறைவு. பின்னர் வந்த வண்ணப் பதிப்போடு சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகி மேலுறை உருகிய ஒரு கேம் போய், இயங்கும் நிலையிலேயே நியூயோர்க் நின்டென்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது.

1995இல் யொகோய் சறுக்கினார். கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் வேர்ச்சுவல் போயில் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. கண்வலி, தலைவலி என்று முறைப்பாடுகள் வந்தன. ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. 1996 ஓகஸ்டில் அவர் நின்டென்டோவை விட்டு விலகி, கொட்டோ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1997 ஒக்டோபர் 4 அன்று, நெடுஞ்சாலையில் நடந்த வாகன விபத்தொன்றில் சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கியபோது, இன்னொரு கார் மோதி இறந்தார். வயது 56. அவர் வடிவமைப்பில் பங்கெடுத்த வொண்டர் ஸ்வானை பண்டாய் நிறுவனம் 1999இல் வெளியிட்டது. அதற்கு ஒரேயொரு பற்றரி போதும்.

இன்றைய விளையாட்டுகளின் கணக்கு வேறு. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் புதிய கைபேசி வேண்டும், அறாத சிக்னல் வேண்டும், டேட்டா வேண்டும். உடைக்கும் ஆயுதத்துக்கும் உள்ளே காசு கேட்கும். நாட்சம்பளத்தில் ரீலோட் போடும் தோட்டத்து வீட்டில் இது சின்ன விடயமல்ல. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, இந்த விளையாட்டுகள் எவ்வளவு வசதிகளை எதிர்பார்க்கின்றன என்பது தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. 1977, 1983 வன்முறைகளில் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல வன்னியில் குடியேறின. அங்கும் யுத்தம் அவர்களைத் தொடர்ந்தது. மகனின் கைபேசியிலிருந்து வரும் வெடிச்சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடும் தாய்மாரை அப்படியான வீடுகளில் சந்தித்திருக்கிறேன். அதேவேளை, கிளிநொச்சியில் இருக்கும் அந்த மகனும் காவத்தையில் இருக்கும் அவனது மச்சானும் சேர்ந்து விளையாடுவது அந்தக் கைபேசியில்தான். சிதறிப்போன சொந்தத்தை ஒரே திரையில் கூட்டும் வேலையை எங்கள் பிரிக் கேமால் செய்திருக்க முடியாது. பழையது என்பதற்காக மட்டும் அதைப் புகழ எனக்கு மனமில்லை.

இருந்தாலும் யொகோயின் கணக்கு இன்றும் எங்களுக்கு உதவும். விளையாடுபவரின் கையில் எவ்வளவு குறைவாக இருக்கக்கூடும் என்பதிலிருந்தே அவருடைய வெற்றிபெற்ற கருவிகள் தொடங்கின. பிள்ளைக்கு ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுக்கும்போது நாங்களும் மூன்று விடயங்களைப் பார்க்கலாம்: டேட்டா இல்லாமல் ஓடுமா, இடையில் காசு கேட்குமா, ஒரு ஆட்டம் எங்காவது முடியுமா. டெட்ரிஸ் போன்ற பழைய விளையாட்டுகள் பல இப்போது சாதாரணக் கைபேசியிலும் கிடைக்கின்றன. சிக்னல் இல்லாத லயத்திலும் அவை ஓடும்.