ஆசிரியர் தலைவர் ஹன்டி பேரின்பநாயகம்

ஆசிரியன் பள்ளி மணி அடித்த பின்னரும் ஆசிரியனே. ஆயின் அவன் குடிமகனும் ஆவான். இவ்விரண்டு நிலையும் ஓர் உடம்பில் ஒன்றிநிற்றல் எளிதன்று. அங்ஙனம் ஒன்றிநின்று வாழ்ந்தவருள் ஒருவர் ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள். யான் புங்குடுதீவு மடத்துவெளியிற் பிறந்து, தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவன். ஆங்கிலம் கற்பித்த அவ்வறிஞரின் வரலாற்றைத் தமிழாசிரியனாகிய யான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

அவர் 1899ஆம் ஆண்டிற் பிறந்தார். கிறித்தவச் சூழலில் வளர்ந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு ஏணியாக இருந்த காலம் அது. ஏணியில் ஏறியோர் பெரும்பாலும் கீழே நின்றோரைத் திரும்பிப் பார்த்திலர். பேரின்பநாயகமோ 1924ஆம் ஆண்டில் இளைஞர் சிலருடன் கூடி மாணவர் காங்கிரசைத் தொடக்கினார். அதுவே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. நாட்டுக்கு முழு விடுதலை, சாதி வேற்றுமை ஒழிப்பு, தாய்மொழிக்கு ஏற்றம் என்பன அதன் கொள்கைகள். அதன் அழைப்பை ஏற்றே 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார்.

அக்காலத்துப் பாடசாலைகள் சிலவற்றிலே தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க, ஏனையோர் வாங்கில் இருந்தனர். சமாசனம், சமபோசனம் என்னும் இரண்டு சொற்களும் அந்நாளில் ஊரைப் பிளந்தன. வாலிபர் காங்கிரஸ் அவற்றின் பக்கம் உறுதியாக நின்றது. கற்பிப்போன் முன்னே பிள்ளைகள் யாவரும் ஒருநிகர் என்பதை ஏற்காதவன் ஆசிரியன் ஆகான் என்பதே அவர் நிலை என்பேன்.

1931ஆம் ஆண்டில் அவருடைய அரசியல் வாழ்வின் பெருஞ்சோதனை வந்தது. டொனமூர் அரசியற்றிட்டம் முழுச் சுயாட்சி தரவில்லை என்று கூறி, வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்திலர். தீவுப்பகுதியினராகிய எம்மவர்க்கும் 1934ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் வரை சபையிற் பேச ஆளில்லாது போயிற்று. சாதியும் சொத்தும் பாராது வளர்ந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்த முதற்றேர்தல் அது. எம்மக்களின் சமத்துவத்துக்காகக் காங்கிரஸ் போராடியதோ, அவர்களே அம்முதல் வாக்கை இட இயலாதாயினர். கொள்கை தூயது, விலையோ பெரிது. இதனை மறைத்து அவரைப் புகழ்தல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஆசிரியர் இயக்கத்தில் அவர் ஆற்றிய தொண்டை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் ஆசிரியரை நியமிப்பதும் விலக்குவதும் முகாமையாளர் கையில் இருந்தன. வேலை நிலையற்றவனுக்கு நாவும் நிலையற்றதே. தாய்மொழிப் பாடசாலை ஆசிரியர் ஆங்கிலப் பாடசாலை ஆசிரியரினும் குறைந்த சம்பளமே பெற்றனர். இத்தகைய காலத்தில் அவர் வட மாகாண ஆசிரியர் சங்கத்துக்கும் அகில இலங்கை ஆசிரியர் சங்கத்துக்கும் தலைமை தாங்கினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தொழிலினராய் ஓரவையிற் கூடும் வாய்ப்பு அப்பெருஞ்சங்கத்தில் இருந்தது. சங்கம் என்பது சம்பளம் கேட்கும் வாயில் மட்டுமன்று, ஆசிரியனை அச்சமின்றி நிமிரச் செய்யும் அரண் என அதனைக் கருதியவர் அவர். கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியையும் அவர் ஆதரித்தார்.

யான் மேலே குறித்த காரணம் இதுதான். ஆங்கிலத்தால் உயர்ந்த ஒருவர், பிள்ளைக்குக் கல்வி தாய்மொழியிலேயே புகட்டப்படல் வேண்டும் என வாதிட்டார். அதனுடன், தமிழ்ப் பிள்ளை சிங்களமும் சிங்களப் பிள்ளை தமிழும் கற்க வேண்டும் என்பது அவர் இயக்கத்தின் கொள்கை. 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டம் அக்கனவைக் கலைத்தது. எனினும், கலைந்த கனவெல்லாம் பிழையான கனவு ஆகிவிடாது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் வட்டுக்கோட்டையிற் போட்டியிட்டுத் தோற்றார். 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். பாராளுமன்றம் அவரை இழந்தது, பாடசாலை பெற்றது. 1977ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

இன்று ஆசிரியர்க்குச் சங்கங்கள் பல. உரிமைகளும் முன்னையிலும் பல. சங்கத்தின் பெயரால் ஒன்றைக் கோரும்போது, வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் ஏழைப் பிள்ளைக்கு அதனால் விளைவது யாது என நாம் எண்ணுகின்றோமா? ஆசிரியன் உரிமையையும் மாணவன் மானத்தையும் இரண்டாகப் பிரியாது காத்தமையே பேரின்பநாயகம் அவர்களின் பெருமை. அதனை மறவாதிருத்தலே அவர்க்கு நாம் செலுத்தும் குருதட்சணை.